மது ஆய்வுக்கு ஆள் வேண்டும்: திருப்பூர் மண்டலத்திலிருந்து ஒரு பார்வை

2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் ஆணை அந்த மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்திருந்தது. மூடிய கடைகளுக்கு ஊருக்குள் மாற்று இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்குள் வேண்டாம் என்பதுதான் அந்தப் பெண்களின் கோரிக்கை. போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த அறையைப் பற்றி எல்லோரும் பேசினோம். அந்த ஊரில் எத்தனை வீடுகளுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் முழுதாக வந்து சேர்கிறது, எத்தனை ஆண்களுக்கு நாற்பது வயதுக்குள் கல்லீரல் கெட்டிருக்கிறது, கடை வந்தால் இந்தக் கணக்கு எவ்வளவு மாறும் என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின.

மது விற்பனையின் கணக்கு அரசிடம் துல்லியமாக இருக்கிறது. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட அரசின் டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2024-25 நிதியாண்டில் அதன் வழியாக அரசுக்கு வந்த வரி வருவாய் ரூ. 48,000 கோடிக்கு மேல். எந்தக் கடையில், எந்த நாளில், எந்தச் சரக்கு எத்தனை பெட்டி போனது என்பதற்குக் கணக்கு உண்டு. குடித்தவரின் உடலுக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் என்ன ஆயிற்று என்பதற்கு அப்படியொரு பேரேடு கிடையாது. அந்தப் பேரேட்டை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. உலகில் அது ஒரு முழுமையான துறை. ஆய்வாளர், களப்பணியாளர், உளவியலாளர், புள்ளியியலாளர், ஆய்வு நிதியை நிர்வகிக்கும் விஞ்ஞானி என்று பல படிகள் அதில் உண்டு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படியொரு வேலை இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

ஏன் திருப்பூர்? நொய்யல் ஆற்றை நினைத்துப் பாருங்கள். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள். சொன்னது மட்டும் போதவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரையும் சுற்றியிருந்த கிணறுகளையும் சோதித்து, உப்பின் அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதி, பாழான நிலத்தை ஏக்கர் கணக்கில் காட்டிய பிறகுதான் நீதிமன்றத்தில் வழக்கு நின்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகே கழிவு வெளியேறாத சுத்திகரிப்பு முறை இங்கே உறுதியாக வேரூன்றியது. இன்று திருப்பூரில் டீக்கடைக்காரருக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) என்றால் என்னவென்று தெரியும். தண்ணீரை இப்படி அளந்த ஊர், தன் தொழிலாளியின் குடியை அளக்கவில்லை.

அளப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், இந்தத் துறையின் அடிப்படை வேலையே அதுதான். உலக சுகாதார நிறுவனம் 1980-களில் உருவாக்கிய ஆடிட் என்ற வினாப்பட்டியல் இன்று உலகமெங்கும் புழங்குகிறது. மொத்தம் பத்துக் கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 40 வரை. எட்டோ அதற்கு மேலோ வந்தால் கவலைப்பட வேண்டும். ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து அதை உருவாக்கினார்கள். இந்தியா அந்த ஆறில் இல்லை. ஒரு முறை உட்கார்ந்தால் எத்தனை அளவு குடிப்பீர்கள் என்று அது கேட்கும். அதன் கணக்கில் ஓர் அளவு என்பது 10 கிராம் சாராயச் சத்து.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பனியன் கம்பெனி லைன் வீட்டு வாசலில் ஒரு பெண் களப்பணியாளர் நிற்கிறார் என்று வையுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"வாரத்துல எத்தனை நாளுங்ணா குடிப்பீங்க?"

"அப்படியெல்லாம் கிடையாது அம்மிணி. சனிக்கிழமை ராத்திரி ஒரு குவாட்டரு. அவ்வளவுதான்."

அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒன்றே ஒன்றுதான். குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் சாராயச் சத்து நூற்றுக்கு 42.8. அப்படியானால் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 61 கிராம். ஆடிட் கணக்கில் அது ஆறு அளவு. ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது அந்தப் பட்டியலின் மூன்றாவது கேள்வி. அதாவது நம் ஊரில் 'ஒண்ணே ஒண்ணு' என்று சொல்பவர், ஆபத்தான குடி என்று உலகம் வகுத்த கோட்டில் ஏற்கெனவே நிற்கிறார். இருவர் பங்கிட்டுக் கட்டிங் அடித்தால் ஆளுக்கு மூன்று அளவு. இதெல்லாம் தெரியாமல் படிவத்தில் '1' என்று எழுதிக்கொண்டு போகும் களப்பணியாளரால் ஆய்வே பாழாகிவிடும். குவாட்டர், ஆஃப், ஃபுல், கட்டிங், பீர் ஆகியவற்றின் படங்களைக் காட்டிக் கேட்டு, கிராமாக மாற்றி எழுதத் தெரிந்தவர்தான் இதற்கு வேண்டும். பட்டப்படிப்பு முடித்து, ஊர்ப் பேச்சு தெரிந்து, முகம் சுளிக்காமல் கேட்கும் பொறுமை உள்ள பிள்ளைக்கு இது முதல் படி. இந்த முதல் படியைத்தான் நான் மிகவும் முக்கியம் என்பேன். டெல்லியில் உட்கார்ந்து செய்யும் பகுப்பாய்வு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், வாசலில் எழுதிய எண் தவறானால் எல்லாம் தவறுதான்.

திருப்பூரில் இந்தக் கேள்வியைத் தமிழில் மட்டும் கேட்டால் பாதி ஊர் விட்டுப்போகும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் டையிங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊரில் குடிக்கும் சரக்கு வேறு, அளவு வேறு. 2016 முதல் பீகாரில் முழு மதுவிலக்கு. விலக்கு இருக்கும் மாநிலத்திலிருந்து வந்து, நடந்து போகும் தூரத்தில் கடை இருக்கும் ஊரில் தனியாக அறை எடுத்துத் தங்கும் இருபது வயதுப் பையனின் குடிப்பழக்கம் எப்படி மாறுகிறது என்பது ஒரு முழு முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வி. போஜ்புரியும் ஒடியாவும் தெரிந்த நேர்காணலாளர்கள் இதற்கு வேண்டும். திருப்பூரிலேயே பள்ளியில் படித்து வளரும் இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

இந்திய அளவில் என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2019-இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அது தீங்கான பழக்கமாகவோ, விட முடியாத அடிமைத்தனமாகவோ ஆகிவிட்டது. அந்த அறிக்கையின் எல்லா எண்களையும்விட என்னை உலுக்கியது ஒன்றுதான்: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. பெங்களூரு நிமான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. அதுவும் இதே வகையான பெரிய இடைவெளியைத்தான் காட்டியது. மாநில அளவில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குடிக்கிறார்.

இவையெல்லாம் நாட்டையும் மாநிலத்தையும் பற்றிய எண்கள். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே சம்பளம் வாரச் சம்பளம். வேலை ஷிப்ட் கணக்கு. ஆர்டர் நெருக்கும்போது ஒரு நாளில் ஒன்றரை ஷிப்ட். இரவு வெகுநேரம் நின்றுகொண்டே வேலை. சனிக்கிழமை கையில் பணம், ஞாயிறு விடுமுறை, திங்கள்கிழமை ஆள் குறைவு. கம்பெனி மேனேஜர் யாரைக் கேட்டாலும் திங்கள்கிழமையைப் பற்றிப் புலம்புவார். உடல் வலிக்குத்தான் குடிக்கிறேன் என்று தொழிலாளி சொல்வதும், குடித்ததால்தான் வேலைக்கு வரவில்லை என்று மேனேஜர் சொல்வதும் ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கங்களா, வேறு வேறா? வாரச் சம்பளத்தை மாதச் சம்பளமாக்கி வங்கிக் கணக்கில் போட்டால் சனிக்கிழமைக் குடி குறையுமா? துணி வெட்டும் பேண்ட் நைஃப் எந்திரத்தில் விரல் போன விபத்துகளில் முந்தின இரவின் குடிக்கும் அன்றைய தூக்கமின்மைக்கும் பங்கு எவ்வளவு? இந்தத் தொழிலின் உழைப்பு, கடன், சாதி, முதலாளித்துவம் பற்றிச் சரத் சாரி, கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ், ம. விஜயபாஸ்கர் போன்றோர் ஆழமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையின் மையம் வேறு. மதுவை மையமாக வைத்து அதே ஆழத்தில் செய்ய வேண்டிய வேலை மிச்சம் கிடக்கிறது.

2010-ஐ ஒட்டித் திருப்பூரில் தற்கொலைகள் அடுத்தடுத்து நிகழ்ந்து நாடு முழுக்கச் செய்தியானது பலருக்கு நினைவிருக்கும். வேலைப்பளு, கடன், தனிமை, குடி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணத்தைத் தேடுவதற்கு முறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் காணியம்பாடி வட்டாரத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இறந்தவரின் வீட்டுக்குப் போய் உறவினரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதும் முறை அது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை செய்துகொண்டவர்களில் 16 விழுக்காட்டினருக்கு மது அடிமைத்தனம் இருந்தது தெரியவந்தது. வேலூரின் ஒரு கிராமப்புற வட்டாரத்தில் முடிந்தது, இத்தனை கோடி வணிகம் நடக்கும் திருப்பூரில் ஏன் முடியாது?

நடந்த நிகழ்வுகளே நமக்கு ஆய்வுக்கான வாய்ப்புகளை வலிய வந்து கொடுத்திருக்கின்றன. 2016 மே மாதம் கடை திறக்கும் நேரம் காலை 10-இலிருந்து பகல் 12 ஆனது, 500 கடைகளை மூடவும் உத்தரவானது. 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலைத் தீர்ப்பால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் மூடின. 2020-இல் ஊரடங்கின்போது மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை தமிழ்நாட்டில் ஒரு கடையும் இல்லை. 2023 ஜூனில் மறுபடியும் 500 கடைகள் மூடல். இப்படிப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் முன்னும் பின்னும் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் எத்தனை பேர், மகளிர் காவல் நிலையத்தில் எத்தனை புகார், நடுக்கத்தோடும் மனக்குழப்பத்தோடும் வார்டுக்கு வந்தவர் எத்தனை பேர் என்று எடுத்திருந்தால், கடைகளைக் குறைப்பது உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஆதாரத்தோடு பேசலாம். 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது குடும்ப வரவு செலவில் அதன் விளைவு என்ன என்று அப்போதே கணக்கெடுப்பு நடந்தது. அந்த மரபைத் தொடர, வாய்ப்பு வரும்போது உடனே இறங்கக்கூடிய ஒரு நிரந்தரக் குழு வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக நிதி கேட்டு, ஆள் எடுத்து, அனுமதி வாங்குவதற்குள் நாள் ஓடிவிடும்.

சிகிச்சைப் பக்கம் வருவோம். இங்கே தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னோடி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. குடியால் கணவரை இழந்தவர் அவர். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதே அன்று புதிய பேச்சு. மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்து ஆட்களுக்காகத் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் போட்டே சிகிச்சை கொடுத்தார்கள். ஆலோசகர், செவிலியர், சமூகப்பணியாளர், மனைவிமாருக்கான தனிக் குழு என்று ஒரு முழு அணியாக இயங்கியதால் அது நிலைத்தது.

இன்னொரு முன்னோடி கோவாவில். சங்காத் என்ற அமைப்பின் அபிஜித் நட்கர்னியும் விக்ரம் பட்டேலும் மற்றவர்களும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. ஆலோசனை சொன்னவர்கள் மனநல மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ இல்லை. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அந்த ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரின் குடி ஆபத்தான கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 விழுக்காடு. பத்து விழுக்காடு வித்தியாசம் பார்ப்பதற்குச் சிறியதாகத் தெரியலாம். ஒரு பனியன் கம்பெனியில் இப்படி ஆபத்தாகக் குடிக்கும் 100 பேர் இருந்தால், பத்துக் குடும்பங்கள் கூடுதலாக மீளும்.

திருப்பூருக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2024-இல் அது தொழிற்சாலைகளுக்கும் போனது. இரத்த அழுத்தம் கூடுவதற்குக் குடியும் ஒரு காரணம் என்பது எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வது. அழுத்தம் பார்க்கும்போதே குடியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்பதும், தேவைப்பட்டவருக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவதும் இன்னும் ஒரு படிதான். பெண் தன்னார்வலர் ஆண் தொழிலாளியிடம் கேட்பதில் சங்கடம் இருக்கும், அதனால் ஆண் ஆலோசகர்களும் வேண்டும். குடியை விட்டு வெளியே வந்த தொழிலாளியே அந்த வேலைக்கு வந்தால் இன்னும் நல்லது. அவர் சொன்னால் அடுத்தவன் கேட்பான்.

இனி படிப்புகளைப் பார்க்கலாம். மனநல மருத்துவம் படித்தவர்களுக்குப் போதை மனநலம் என்ற உயர் சிறப்புப் படிப்பு எய்ம்ஸிலும் நிமான்ஸிலும் இருக்கிறது. சமூகப்பணி முதுகலை படித்தவர் மனநல சமூகப்பணியில் சிறப்புப் பயிற்சி பெறலாம். உளவியல் படித்தவருக்கு மருத்துவ உளவியல். நர்சிங் படித்தவருக்கு மனநல நர்சிங். கொங்குப் பகுதியில் இந்த அடிப்படைப் படிப்புகளுக்குக் கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. நோய்ப்பரவலியல் படிக்க விரும்புகிறவர் சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமே இதற்கு வர வேண்டும் என்பது தவறான எண்ணம். புள்ளியியல், பொருளியல், மானிடவியல், மென்பொருள் எல்லாமே இங்கே வேலைக்கு ஆகும். உயிர்வேதியியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, விஷத்தை உடனே கண்டறியும் ஆய்வகத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

வேலை நிரந்தரம் இல்லாததுதான் இங்குள்ள பெரிய குறை. இதைப் பூசி மெழுகக் கூடாது. ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலான பணியிடங்கள் ஒப்பந்தப் பணியிடங்கள். இரண்டு, மூன்று ஆண்டில் திட்டம் முடியும், ஆளும் போவார். குவாட்டரைக் கிராமாக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பிள்ளை, வேறு வழியின்றி மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போய்விடும். திறமை இருந்தும் தங்க வைக்க இடமில்லை. பெற்றோர் இந்தத் துறையை நம்பிப் பிள்ளையை அனுப்பத் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் நிர்வாகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நிர்வாகம் என்றதும் கோப்பும் கையெழுத்தும் நினைவுக்கு வரும். சுகாதார அறிவியலில் அது தனி ரக வேலை. அமெரிக்காவில் மது ஆய்வுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. தானே குடிநோயிலிருந்து மீண்ட செனட்டர் ஹரால்டு ஹியூஸ் கொண்டுவந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது பிறந்தது. அங்கே ஆய்வு அனுபவமுள்ள விஞ்ஞானிகளே நிர்வாகிகளாக அமர்த்தப்படுகிறார்கள். எந்தக் கேள்விக்கு விடை தேவை என்று அறிவிப்பது, வரும் விண்ணப்பங்களைத் துறை வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிட வைப்பது, பணம் கொடுத்த பிறகு வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தியாவில் இதற்கு இணையான வேலை ஐ.சி.எம்.ஆர். தலைமையகத்திலும் 2007-இல் உருவான மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையிலும் இருக்கிறது. மதுவுக்கென்று தனி நிறுவனம் இல்லை.

அந்த அமெரிக்க நிறுவனத்திலேயே நடந்த ஒரு சறுக்கலையும் நாம் பாடமாகப் படிக்க வேண்டும். அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று 7,800 பேரிடம் சோதிக்க ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அதற்கான பணத்தில் பெரும்பகுதி பன்னாட்டு மது நிறுவனங்களிடமிருந்து வந்தது. நிர்வாகிகள் சிலர் விதியை மீறி அந்த நிறுவனங்களை நாடிப் பேசியதும், ஆய்வின் அமைப்பே சாதகமான முடிவை நோக்கிச் சாய்ந்திருந்ததும் வெளிவந்தன. 2018 ஜூனில் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் மதுவை விற்பதே அரசு. அரசுப் பணத்தில் நடக்கும் மது ஆய்வு, விற்பனைக்குப் பொறுப்பான துறையின் கீழ் இருக்கவே கூடாது. சுகாதாரத் துறையின் கீழோ, தன்னாட்சி பெற்ற வாரியத்தின் கீழோ அது இருக்க வேண்டும். முடிவு என்னவாக இருந்தாலும் வெளியிடும் உரிமை ஆய்வாளரிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நிர்வாக மரபைப் பொறுத்தவரை தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டி. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மண் இது. சிகிச்சை மருத்துவர்களிலிருந்து வேறாகப் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககமும் தனி அலுவலர் வரிசையும் இங்கே உண்டு. கொள்ளைநோய் வந்தால் யார் கணக்கெடுப்பது என்று இங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. டெங்குவுக்கு இருக்கும் அந்த ஒழுங்கு மதுவுக்கும் வர வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. 2025-இல் கலங்கரை என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு திறந்தது. மையம் திறப்பது நல்ல தொடக்கம். அங்கே வருபவர் யார், ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று தொடர்ந்து பார்க்கும் ஆள் இருந்தால்தான் அந்த மையம் வேலை செய்கிறதா என்று தெரியும்.

திருப்பூரில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதில் சமூக மருத்துவத் துறையும் மனநலத் துறையும் உண்டு. தொழிலாளர் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி பங்காக 3.25 விழுக்காடும் போகும் இ.எஸ்.ஐ. திட்டத்திடம் விடுப்புச் சான்றுகள், விபத்துகள், மருந்துகள் என்று ஆண்டுக்கணக்கான பதிவுகள் உண்டு. பெயரை நீக்கிவிட்டு அந்தப் பதிவுகளை ஆராய்ந்தாலே திங்கள்கிழமைப் புலம்பலில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாங்குநர்களின் தணிக்கை பழகிப்போன விஷயம். அந்தத் தணிக்கைப் படிவங்களில் கழிப்பறை முதல் தீயணைப்பான் வரை கேட்கிறார்கள்; குடிநோய்க்கு ஆலோசனை வசதி இருக்கிறதா என்றும் கேட்க வைக்கலாம்.

இப்படித் தகவல் திரட்டுவதில் ஒரு கவனம் வேண்டும். கம்பெனிக்குள் போய் யார் குடிக்கிறார் என்று கேட்டு எழுதி, அந்தப் பட்டியல் மேனேஜர் கைக்குப் போனால், அடுத்த வாரமே அந்த ஆளுக்கு வேலை இருக்காது. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவரை எடுக்கவும் அனுப்பவும் ஒரு சொல் போதும். அதனால் கேள்விகளை வீட்டிலோ சுகாதார நிலையத்திலோதான் கேட்க வேண்டும். மனித ஆய்வு நெறிக்குழுவில் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒருவரும், பெண் தொழிலாளி ஒருவரும் உட்கார வேண்டும். தகவலைப் பூட்டி வைக்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவரிடம் இருக்க வேண்டும். இதெல்லாமும் நிர்வாக வேலைதான்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். தாய்லாந்து 2001-இல் ஒரு சட்டம் போட்டது. மது, புகையிலை மீதான வரியோடு கூடுதலாக 2 விழுக்காடு வாங்கி, அதை நேராகச் சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஏற்பாட்டின் துணையோடு மது ஆய்வு மையமும் அங்கே வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2 விழுக்காடு கேட்க வேண்டாம். டாஸ்மாக் வருவாயில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலே ஆண்டுக்கு 48 கோடி ரூபாய். மாவட்டத்துக்கு ஒரு சிறிய ஆய்வுப் பிரிவு, நிரந்தர ஊழியர்களோடு, அதில் தாராளமாக நடக்கும்.

என் கோரிக்கை திட்டவட்டமானது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் மது ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்க வேண்டும். ஒரு நோய்ப்பரவலியலாளர், ஒரு புள்ளியியலாளர், இரண்டு மனநல சமூகப்பணியாளர், தமிழும் இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஆறு களப்பணியாளர் என்று பத்துப் பேரை நிரந்தரமாக அமர்த்த வேண்டும். கல்லூரிகள் தங்கள் சமூகப்பணி, உளவியல் மாணவர்களை அங்கே களப்பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுமதியாளர்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்புகளுக்கான உதவித்தொகை தரலாம். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, சாலையோடும் குடிநீரோடும் சேர்த்து இந்தப் பத்துப் பணியிடங்களையும் கேளுங்கள்.